ஜாகாவுக்குச் சம்பளம் யார் தருவது?

ஒரு சனிக்கிழமை, தே ஆறுவதற்குள் அத்தை தன் கைப்பேசியை என் முன்னால் தள்ளினார்.

“இதப் பாருய்யா. செய்தி ரெண்டு வரி, விளம்பரம் ரெண்டு முழம்.”

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருடம் செமோர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாகி, பிறகு பாதி தாமானாகி, அந்தத் தாமானிலேயே இப்போது ஒரு வீட்டில் மகனோடு இருக்கிறார். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் தமிழ்ச் செய்தி வாசிப்பது அவருக்குப் பழக்கம். பழைய காலத்தில் இதே நேரம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இருந்திருப்பார்.

“பேரன் கம்ப்யூட்டர்ல இதே பக்கம் சுத்தமா இருக்கு. மேல ஓரத்துல செவப்பா ஒரு பொட்டு வச்சிருக்கான். அந்தப் பொட்ட இதுல வச்சுவிடு.”

பொட்டு என்று அவர் சொன்னது விளம்பரத் தடுப்பு நீட்சியின் சின்னத்தை. யூபிளாக் ஆரிஜின். சிவப்புக் கேடயம் மாதிரி இருக்கும். அத்தை கண்ணுக்குப் பொட்டு.

கைப்பேசியில் குரோமைத் திறந்தேன். மூன்று புள்ளி, பட்டியல், அமைப்புகள், இன்னும் கீழே. கிடையாது. கம்ப்யூட்டர் குரோமில் ஆயிரக்கணக்கான நீட்சிகள் இருக்கும்போது, அதே நிறுவனத்தின் அதே பெயர் கொண்ட உலாவி ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒன்றைக்கூடச் சேர்க்க விடுவதில்லை.

“ஏன் விடமாட்டான்?”

“பாதுகாப்பு அத்தை.”

“யாருக்கு?”

வாயில் ரொட்டி இருந்ததால் தப்பித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கு என் கூடவே வந்துவிட்டது. அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு.

செருகிச் செருகிக் கட்டிய வீடு

என் வயதுக்காரர்களுக்குச் செருகுநிரல் புதிதல்ல. தமிழ் இணையத்தில் நாம் நடமாடக் கற்றுக்கொண்டதே அதைப் பிடித்துக்கொண்டுதான்.

2000-ங்களின் தொடக்கம். ஈப்போவில் ஒரு சைபர் கஃபே, மணிக்கு இரண்டு வெள்ளி. தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதேதோ எழுத்து வரும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம். ஒன்றின் எழுத்துருவில் இன்னொன்றை வாசிக்க முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு சொல்லியிருந்தது. 2001-ல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. ஆனாலும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அந்த ஒழுங்கு வந்து சேரச் சில வருடம் ஆனது.

அதுவரைக்கும் நாங்கள் செய்தது ஒன்றுதான். பெட்டி ஒன்று எழும்பி “இதை நிறுவட்டுமா?” என்று கேட்கும். ஆம் என்று அழுத்துவோம். இன்னொன்று கேட்கும், அதற்கும் ஆம். எது எழுத்துரு, எது வேறு எதற்கோ வலை விரிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடைத் தவுக்கே மாதம் ஒருமுறை எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்து மறுபடி விண்டோஸ் போடுவார். போடும்போது எங்கள் பக்கம் பார்த்துத்தான் திட்டுவார்.

பிறகு நல்ல கருவிகள் வந்தன. தட்டச்சுக்கு நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இருந்தது. தமிழா குழுவின் எ-கலப்பை இலவசமாகக் கிடைத்தது. பயர்பாக்ஸ் உலாவிக்குள்ளேயே தமிழில் தட்ட ‘தமிழ்விசை’ என்றொரு நீட்சி இருந்தது. பழைய எழுத்துருப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிக் காட்ட ‘பத்மா’ என்று இன்னொரு நீட்சி. உலாவிக்காரர்கள் நம்மை நினைத்துச் செய்யாததை, நம்மில் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்துச் செய்து செருகி வைத்தார். செருகிச் செருகிக் கட்டிய வீடு அது. ஒழுகியது, ஆனாலும் நம் வீடு.

அதனால் “மூன்றாம் நபர் செருகுநிரலுக்கு அனுமதி இல்லை” என்று எவனாவது சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மூன்றாம் நபர் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் நம்மைத்தான்.

பட்டையும் கட்டையும்

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு அத்தையிடமே ஒரு கேள்வி கேட்டேன். மரத்தை எவ்வளவு ஆழம் வெட்டுவீர்கள்?

“பால் பட்டையிலதான் இருக்கு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தோலு. கத்தி அதுல படக்கூடாது. பட்டா காயம். காயம் ஆறும், ஆனா முண்டு முண்டா ஆறும். அடுத்த சுத்துக்கு அந்தப் பக்கம் கத்தி ஓடாது. கிராணி வந்து பார்த்தான்னா தொலைஞ்சோம்.”

செருகுநிரலுக்கும் நீட்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

செருகுநிரல் 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியோடு வந்தது. உலாவிக்கு வீடியோ தெரியாது, பிடிஎஃப் தெரியாது, விளையாட்டு தெரியாது. தெரிந்தவர்கள் நிரலை எழுதிக் கொடுத்தால் உலாவி அதைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும். அந்த நிரல் உலாவியின் பேச்சைக் கேட்காது, நேரே கம்ப்யூட்டரோடு பேசும். நீங்கள் எந்தக் கோப்பைத் திறக்கலாமோ அதை அதுவும் திறக்கலாம். 1996-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆக்டிவ்எக்ஸும் இதே சாதி. கத்தி கட்டை வரைக்கும் இறங்கும். செய்தவர் நல்லவராக இருந்தாலும், அவர் நிரலில் ஓர் ஓட்டை இருந்தால் போதும், வலைப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் திருடன் அந்த ஓட்டை வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுவான். ஃபிளாஷும் ஜாவாவும் பல வருடம் திருடர்களுக்குப் பிடித்த சந்துகளாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்றைய நீட்சி வேறு. உலாவி வகுத்துக் கொடுத்த வேலிக்குள், உலாவி தரும் கத்தியால் மட்டும் வெட்டும். பட்டையோடு நிற்கும். அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி வாங்கிய நீட்சி, நீங்கள் வாசிப்பதை எல்லாம் கூட இருந்து வாசிக்கும். ஆனால் உலாவியைத் தாண்டி உங்கள் படங்களையும் கோப்புகளையும் தோண்டிப் போக முடியாது.

கம்ப்யூட்டரில்கூட இந்தப் பழைய செருகுநிரல் வழி அடைபட்டுவிட்டது. குரோம் 2015 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷும் போய்ச் சேர்ந்தது.

இந்த வழி முதலில் அடைபட்டது கைப்பேசியில்தான்.

சட்டைப்பைக்குள் அடங்கிய கம்ப்யூட்டர்

2007-ல் வந்த முதல் ஐபோனுக்கு நினைவகம் 128 எம்பி. இன்று வாட்சாப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோவே சில நேரம் அதைவிடப் பெரிசு. அந்தச் சின்ன இடத்தில் ஒரு செருகுநிரல் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை மூச்சு முட்டும். ஐபோன் ஃபிளாஷை உள்ளே விடவே இல்லை.

2010 ஏப்ரல் 29 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை ஒரு திறந்த கடிதமாக எழுதினார். அதில் பேட்டரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. எச்.264 வீடியோவைக் கைப்பேசியின் சில்லே பிரித்துக் காட்டினால் பத்து மணி நேரம் வரை ஓடும். அதையே மென்பொருள் பிரித்துக் காட்டினால் ஐந்து மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். இன்னொரு காரணம் விரல். ஃபிளாஷ் பக்கங்கள் பல, எலியை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் பட்டியல் விரியும்படி செய்யப்பட்டவை. விரலைக் கண்ணாடிமேல் மிதக்க விட முடியுமா? தொட்டால் தொட்டதுதான்.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் அப்போது சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 2010 ஜூனில் ஆண்ட்ராய்டுக்கு ஃபிளாஷ் வந்தது. 2011 நவம்பரில் அடோபியே கைப்பேசி ஃபிளாஷை வளர்ப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2012 ஆகஸ்டில் புதிதாக நிறுவ முடியாதபடி கடையிலிருந்து எடுத்தாயிற்று. இரண்டு வருடத்துச் சொச்சக் குடித்தனம்.

கதவை மூடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். 1990-களின் இறுதியில் வங்கிப் பரிவர்த்தனைக்கென்று சொந்தமாக ஒரு மறையாக்கம் செய்தார்கள். அதை உலாவியில் ஓட்ட ஆக்டிவ்எக்ஸ் தேவைப்பட்டது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் பதினைந்து வருடம் கழித்தும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லாமல் பணம் கட்ட முடியாமல் தவித்தார்கள். 2014-ல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நாயகி போட்ட கோட்டை வாங்க ஆசைப்பட்ட சீன ரசிகர்களால் கொரியக் கடைகளில் வாங்க முடியவில்லை என்று அந்நாட்டு அதிபரே கூட்டத்தில் குறைப்பட்டுக்கொண்டார். ஒட்டுப்போட்ட சட்டையில் ஒட்டே சட்டையாகிவிட்டால் அப்படித்தான்.

கிராணி வாசித்த கடிதம்

நம் கதைக்கு வருவோம். கைப்பேசியில் செருகுநிரல் இல்லாதபோது தமிழ் எப்படி வந்தது?

பழைய நோக்கியா வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அப்போது வலைப்பதிவர்களுக்குள் ஒரு மந்திரம் உலவியது. ஓப்பரா மினியை நிறுவு. முகவரிக் கட்டத்தில் ‘ஓப்பரா:கன்ஃபிக்’ என்று தட்டு. பக்கத்தின் அடியில் சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு வேண்டுமா என்று ஒரு வரி இருக்கும். ‘வேண்டாம்’ என்பதை ‘வேண்டும்’ ஆக்கு. சேமி. அவ்வளவுதான், தமிழ் வந்துவிடும். இந்த மந்திரத்தை நானே எத்தனை பேருக்கு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து செய்துகொடுத்திருக்கிறேன்!

உள்ளே நடந்தது இதுதான். பக்கத்தை எங்கோ தூரத்தில் இருக்கும் ஓப்பராவின் வழங்கி முதலில் திறக்கும். நம் கைப்பேசிக்குத் தமிழ் தெரியாதென்பதால் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். நாம் வாசித்தது எழுத்தை அல்ல, எழுத்தின் படத்தை.

என் தாத்தாவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் கிராணியிடம்தான் கொண்டுபோவாராம். கிராணி உரக்க வாசிப்பார், தாத்தா கேட்டுக்கொள்வார். நல்லது கெட்டது தெரியவரும். ஆனால் வீட்டுச் சங்கதி அத்தனையும் கிராணிக்கும் தெரியும். ஓப்பரா மினி நமக்குக் கிராணியாக இருந்தது. கைப்பேசிக்குள் யாரையும் விடவில்லை, ஆனால் நம் கடிதம் முழுக்க வேறொருவர் கை வழியாக வந்தது.

தாத்தாவுக்கு அடுத்த தலைமுறை தானே வாசிக்கக் கற்றுக்கொண்ட மாதிரி, கைப்பேசியும் தமிழ் கற்றுக்கொண்டது. அதில் நம் ஊர்க்காரர் பங்கு பெரிது. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியானது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. ஐபோனில் மற்றவர் செய்த விசைப்பலகைக்கு அனுமதியில்லாத காலத்தில், செல்லினத்துக்குள் போய்த் தட்டி, நகலெடுத்து, வெளியே வந்து ஒட்டுவோம். 2014-ல் ஐஓஎஸ் 8 அந்தக் கதவைத் திறந்தது. இன்றைக்கு ஐபோன் அமைப்புகளில் தமிழைத் தேடினால் ‘அஞ்சல்’, ‘தமிழ்99’ என்று விசைப்பலகைகள் கூடவே பிறந்த மாதிரி இருக்கின்றன. ஆப்பிளின் தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயர் தமிழ் சங்கம் எம்என். அந்த எம்என், முத்து நெடுமாறன் என்ற பெயரின் முதலெழுத்துகள்.

ஒரு காலத்தில் வெளியிலிருந்து செருக வேண்டியிருந்த தமிழ், இப்போது மரத்தோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. எப்போதும் செருகிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்திருந்தால், “உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே செருகிக்கொள்ளுங்கள்” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபோனில் வெளியார் விசைப்பலகையை நீங்கள் வைத்திருந்தாலும், கடவுச்சொல் கட்டத்தைத் தொட்டவுடன் அது மறைந்து ஆப்பிளின் விசைப்பலகை வந்து நிற்கும். உள்ளே வரலாம், ஹாலில் உட்காரலாம், பீரோ இருக்கும் அறைக்குப் போகக்கூடாது. நியாயமான விதி.

பக்கத்து வீட்டுப் பாடம்

ஏன் நியாயம் என்பதை எங்கள் தாமானிலேயே பார்த்துவிட்டோம். பெயர் வேண்டாம். ஒருவருக்கு வாட்சாப்பில் செய்தி வந்தது, வீடு சுத்தம் செய்ய மலிவு விலையில் ஆள் அனுப்புவதாக. முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். பிளே ஸ்டோரில் இல்லை, நேராக ஒரு ஏபிகே கோப்பு. கைப்பேசி எச்சரித்தது. அவர் சரி, சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனார், நான் சைபர் கஃபேயில் அழுத்திய அதே ஆம்தான். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியும் போய்விட்டது. வங்கியின் ஒருமுறைக் கடவுஎண் திருடனுக்கே போய்ச் சேர்ந்தது. சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணம் விடிவதற்குள் காலி.

இது ஒருவர் கதையல்ல. நாடு முழுக்க நடந்தது. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்திக் கடவுஎண்ணைக் கைவிட்டு வேறு வழிக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. அடுத்த மாதம் மோசடியைப் புகார் செய்வதற்கென்று 997 என்ற எண் வந்தது. சட்டைப்பையில் வங்கியை வைத்துக்கொண்டு திரிகிறோம். கதவு முன்பைவிடக் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, செருகுநிரலைத் தடுத்தது சரி. அதில் எனக்கு இப்போது வாதமே இல்லை.

ஆனால் அந்தப் பொட்டு?

அத்தை கேட்டது செருகுநிரல் அல்ல, நீட்சி. கட்டைக்குப் போகாத கத்தி. அதையும் ஏன் தடுக்க வேண்டும்?

பாதுகாப்பு என்றால், அதே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பயர்பாக்ஸ் விடுகிறதே! 2020 ஆகஸ்டில் உலாவியைப் புதிதாக எழுதியபோது கைவிரல் எண்ணிக்கைக்குச் சுருக்கினார்கள். 2023 டிசம்பரில் மறுபடி நூற்றுக்கணக்கான நீட்சிகளுக்குத் திறந்தார்கள். ஆப்பிளே 2015-ல் சஃபாரிக்கு விளம்பரத் தடுப்பானையும், 2021-ல் ஐஓஎஸ் 15-ல் நீட்சிகளையும் அனுமதித்துவிட்டது. ஆகவே பத்திரமாகத் திறக்க வழி இருக்கிறது. கைப்பேசிக் குரோமில்தான் இன்னும் கதவில்லை.

கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. கதவில்லாததற்குக் காரணம் இதுதான் என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விளம்பரத்தில் வாழ்கிறவன் வீட்டில் விளம்பரத்தைத் துடைக்கும் துணிக்கு மட்டும் இடமில்லை என்றால், கொஞ்சம் மூக்கைச் சொறியத்தான் தோன்றும். ஆப்பிளும் சாமியார் இல்லை. ஐபோனில் குரோம், பயர்பாக்ஸ் என்று எந்தப் பெயரில் உலாவி போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகு, அங்கு வேறு எந்திரத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

அப்பா சொல்வார். தோட்டத்து வாசலில் ஒரு ஜாகா இருப்பார். ராத்திரியில் ரப்பர் ஷீட் திருட வருகிறவனைத் தடுப்பார். நல்ல மனிதர், பயமில்லாமல் தூங்கலாம். ஆனால் சங்கத்து ஆள் சைக்கிளில் வந்தாலும் அதே தடுப்புக்கட்டையை இறக்கிவிடுவார். இரண்டு பேருக்கும் சொல்லும் காரணம் ஒன்றுதான், “வெளியாள் உள்ளே வரக்கூடாது.” ஜாகாமேல் தப்பில்லை. மாசக் கடைசியில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது லயத்துக்காரர்கள் அல்ல, நிர்வாகம்.

இதை நினைத்தபோதுதான் அத்தையின் “யாருக்கு?” எனக்குப் புரிந்தது.

ஒரு முழம்

அடுத்த சனிக்கிழமை போய்ப் பயர்பாக்ஸை நிறுவினேன், பிளே ஸ்டோரிலிருந்துதான். பட்டியலில் நீட்சிகள், அதில் யூபிளாக் ஆரிஜின். எல்லா இணையதளத்தின் தரவையும் அணுகும் என்று எச்சரிக்கை வந்தது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

“எல்லாத்தையும் படிக்குமா?”

“படிக்கும் அத்தை. நம்பிக்கையான ஆள். ஆனா இது ஒண்ணு போதும். வேற எது கேட்டாலும் என்னைக் கேக்காம சரின்னு அழுத்தாதீங்க. பேங்க் வேலைக்கு இது வேணாம், அதுக்கு அவங்க செயலியே இருக்கட்டும்.”

பக்கம் திறந்தது. வெள்ளையாய், சுத்தமாய், செய்தி மட்டும். அத்தை கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முழுவதும் வாசித்தார். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் ஜாகா கதையையும் எடுத்துவிட்டேன். சம்பளம் யார் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் அத்தை, அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இந்தப் பத்திரிகக்காரனுக்குச் சம்பளம் யாரு தருவா?”

நான் தேயைக் கலக்கினேன். ஏற்கெனவே கலந்த தே.

“விளம்பரம்தான் அத்தை.”

“நம்ம பத்திரிக. இதுவும் போச்சுன்னா நான் எத வாசிக்கறது? இதுக்கு மட்டும் அந்தப் பொட்ட எடுத்துவிடு. மத்ததுக்கெல்லாம் இருக்கட்டும்.”

அந்த நீட்சியில் ஒரு தளத்துக்கு மட்டும் அணைத்து வைக்கப் பெரிய பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினேன். விளம்பரங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

அத்தை விரலால் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே போனார். “ரெண்டு முழம் இல்லாம ஒரு முழமா வச்சான்னா நல்லாருக்கும்” என்று சொல்லிக்கொண்டே, மரண அறிவித்தல் பக்கத்துக்கு வந்ததும் நின்று வாசிக்கத் தொடங்கினார்.